இரு கொம்புக் கூடை

பிரம்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்களிற் பலருக்குப் பாடசாலை நினைவுக்கு வரும். அந்த நினைவு இனியதன்று என்பதையும் நான் அறிவேன். நான் மாணாக்கனாய் இருந்த காலத்தில், ஆசிரியரின் மேசைமேல் பாடப் புத்தகத்துக்கு அருகே ஒரு பிரம்பு தவறாமற் கிடக்கும். அது எந்தக் காட்டில் விளைந்தது, யார் அதனை வெட்டினார், அதனைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும் துணிவும் எங்களுக்கு இருந்ததில்லை. அதே பிரம்பினத்தைக் கொண்டு குழந்தையைச் சுமந்தவர்களும், நஞ்சுக் கொட்டையை உணவாக்கியவர்களும் இந்த உலகில் இருக்கின்றார்கள். அவர்கள் செய்த கூடை ஒன்றைப் பற்றியும், அக்கூடை கைவிட்டுப்போய் மீண்டும் கைக்கு வந்த வரலாற்றைப் பற்றியும் இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

அவுஸ்திரேலியா என்றதும் செம்மண் பாலைவனமும், கங்காருவும், வறண்ட புல்வெளியுமே நம் மனக்கண்முன் தோன்றும். அக்கண்டத்தின் பெரும்பகுதி அவ்வாறானதே. ஆனால் வடகிழக்கிலே, குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் கரையோரத்தில், குக்டவுன் நகருக்கும் டவுன்ஸ்வில் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 450 கிலோமீற்றர் நீளத்தில், மலைச்சரிவுகளைப் போர்த்துக்கொண்டு மழைக்காடு நிற்கின்றது. அங்குள்ள டலி என்னும் சிற்றூரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 4,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. யாழ்ப்பாணத்தில் ஓராண்டு பெய்யும் மழையைப்போல் மூன்று மடங்கு என்று கொள்ளுங்கள். 1950ஆம் ஆண்டில் மட்டும் அவ்வூரில் 7.9 மீற்றர் மழை பெய்தது. அதன் நினைவாக, அதே உயரத்தில் ஒரு மழைச் சப்பாத்தின் உருவத்தை ஊர் முகப்பில் நிறுவி வைத்திருக்கின்றார்கள்.

இந்தக் காட்டிலே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர்கள் ஒரே குலத்தவர் அல்லர். ஜிர்பால், கிரமாய், குல்ஙாய், ஜிரு, வார்கமாய் எனப் பல குலத்தினர் உளர். ஒவ்வொருவருக்கும் தமக்கென நிலமும், ஆறும், பேச்சும், கதைகளும் உண்டு. ஆயினும் காடு ஒன்றாயிருந்தமையால் அவர்களுடைய கைத்தொழில்களிலும் ஓர் உறவு காணப்படுகின்றது. அந்த உறவின் அடையாளமாக விளங்குவது ஜவுன் என்று அவர்கள் அழைக்கும் பிரம்புக் கூடை.

முதலிற் பிரம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். தாவரவியலார் கலமஸ் என்று பெயரிட்ட பிரம்பினம் நம் நாட்டுக் காடுகளிலும் வளர்கின்றது. குயீன்ஸ்லாந்துக் காட்டிலும் வளர்கின்றது. பார்வைக்குக் கொடிபோல் தோன்றினும், அது உண்மையிற் பனை, தென்னை, கமுகு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே. நிமிர்ந்து நிற்கும் வலிமை அதற்கு இல்லை. ஆகவே சாட்டைபோல் நீண்ட மெல்லிய தண்டுகளை வீசி, அவற்றிலுள்ள வளைந்த முட்களால் அயல் மரங்களைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறுகின்றது. வழிப்போக்கரின் ஆடையிலோ தோலிலோ அம்முட்கள் மாட்டிக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. அதனாலேதான் அங்கு குடியேறிய ஆங்கிலேயர் இதற்கு 'வழக்கறிஞர் பிரம்பு' என்று பெயர் வைத்தனர். பிடித்தால் விடாது என்பது அதன் பொருள். 'சற்றுப் பொறு' என்பது இதற்கு அவர்கள் இட்ட மற்றொரு பெயர். மாட்டிக்கொண்டவர் நின்று, பொறுமையாகப் பின்வாங்கினாலன்றித் தப்ப இயலாது.

இந்த முட்கொடி ஒரு பெரும் பயணத்தையே தடுத்திருக்கின்றது. 1848ஆம் ஆண்டில் எட்மண்ட் கென்னடி என்னும் ஆய்வுப் பயணி, 12 துணைவருடன் இந்தக் கரையில் வந்திறங்கினார். 28 குதிரைகளும், 100 ஆடுகளும், மூன்று வண்டிகளும் அவரிடம் இருந்தன. நிலத்தின் வழியே வடக்கு முனையாகிய யோர்க் முனை வரை செல்வது அவருடைய நோக்கம். ஆனால் சதுப்பு நிலமும், அடர்ந்த காடும், பின்னிக்கிடந்த பிரம்பும் அவர்களை வாரக்கணக்காக மறித்தன. ஒவ்வோர் அடியையும் கோடரியால் வெட்டியே முன்னேற வேண்டியிருந்தது. வண்டிகளைக் கைவிட்டார்கள். அப்பயணத்தில் உயிர் தப்பியவர்கள் மூவரே. கென்னடியும் அவ்வாண்டின் இறுதியில் உயிரிழந்தார். அவர்களுக்கு எது பகையாய் நின்றதோ, அதுவே அக்காட்டு மக்களுக்குக் கயிறாகவும், கூடையாகவும், மீன்பொறியாகவும் பயன்பட்டு வந்தது. காடு ஒன்றே, அதனை அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்பதே வேறுபாடு.

இனி, கூடை செய்யும் முறையைப் பார்ப்போம். முதல் வேலை, எந்தப் பிரம்பை வெட்டுவது என்று தெரிந்தெடுப்பது. இளையது மடங்கிப்போம், முற்றியது வெடிக்கும். வெட்டிய பிரம்பின் முள்ளுறையை உரித்து, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, மீண்டும் நான்காகப் பிளக்கின்றார்கள். பின்னர் உள்ளே இருக்கும் மென்மையான சோற்றை நீக்கி, வெளித்தோலை மட்டும் ஒரே பருமனுள்ள கீற்றாகச் சுரண்டி எடுக்கின்றார்கள். பிளவு ஒருபக்கம் ஓடிவிட்டால் அந்தத் துண்டு வீண். ஓடுகின்றதா என்பதைக் கண் பார்ப்பதற்கு முன் விரல் உணர்ந்து, பிடியை மாற்றவேண்டும். கூடை பின்னும் காலத்தின் பெரும்பகுதி இந்த ஆயத்த வேலையிலேயே கழிகின்றது.

கீற்றுகள் ஆயத்தமானபின் பின்னல் தொடங்குகின்றது. சற்றுத் தடித்த கீற்றுகளை விலாவெலும்புகள்போல் அடுத்தடுத்து நிறுத்தி, மெல்லிய கீற்றுகளால் அவற்றை நெருக்கமாகச் சுற்றிப் பிணைத்துச் செல்கின்றார்கள். வாய்ப்புறம் நீள்வட்டமாய் அமைகின்றது. அடிப்புறமோ பிறைநிலாப்போல் வளைந்து, இரு ஓரங்களிலும் கொம்புபோற் கூராக முடிகின்றது. அதனாலேயே ஆய்வாளர் இதற்கு இரு கொம்புக் கூடை என்று பெயரிட்டனர். கூடை முடைதல் உலகெங்கும் உள்ள தொழில். ஆயினும் இந்த வடிவம் இக்காட்டு மக்களுக்கே உரியது. அளவு வைத்து வரைந்த படம் ஏதும் இல்லை, அச்சும் இல்லை. கீற்றை எங்கே இறுக்குவது, எங்கே நெகிழ விடுவது என்ற கணக்கிலேதான் அவ்வளைவு பிறக்கின்றது. அக்கணக்கு முழுவதும் செய்பவரின் கையில் இருக்கின்றது.

கூடையின் வாயில் நீண்ட பிரம்பு வளையம் ஒன்றைப் பிடியாகப் பொருத்துவார்கள். அந்த வளையத்தை நெற்றியில் மாட்டிக்கொண்டால் கூடை முதுகிலே தொங்கும். கைகள் இரண்டும் விடுபட்டிருக்கும். வழுக்கும் சரிவில் ஏறுவதற்கும், கொடிகளை விலக்குவதற்கும், கிழங்கு அகழ்வதற்கும் கைகள் வேண்டுமல்லவா? காட்டிற் பொறுக்கிய காயும் கனியும் கொட்டையும், ஆற்றிற் பிடித்த மீனும் இதில் வந்தன. பெரிய கூடைகளிலே குழந்தைகளையும் வைத்துச் சுமந்தார்கள். சில கூடைகள் செம்மண், மஞ்சட்காவி, வெண்களிமண் ஆகியவற்றால் வண்ணம் தீட்டப்பெற்றன.

எனினும் இக்கூடையின் அருமை முழுவதும் சுமை தூக்குவதில் இல்லை. அது தண்ணீருக்குட் செய்த வேலையே வியப்புக்குரியது. மழைக்காடு என்றால் எங்கும் உணவு குவிந்திருக்கும் என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் அக்காட்டின் பெரிய கொட்டைகள் பல நஞ்சுடையவை. அவற்றுள் ஒன்று, ஆங்கிலேயர் கறுப்பவரை என்று அழைக்கும் பெருமரத்தின் விதை. நீண்ட தடித்த நெற்றுக்குள்ளே மூன்று முதல் ஐந்து வரையான பெருங்கொட்டைகள் பளபளவென்று இருக்கும். பார்த்தால் உடனே தின்னத் தோன்றும். பச்சையாகத் தின்றாலோ வாந்தியும் வயிற்றோட்டமும் வருத்தும். மேய்ச்சல் மாடுகளும் இதனைத் தின்று மாண்டிருக்கின்றன.

இந்தக் கொட்டையை உணவாக்கும் முறையைக் கவனியுங்கள். முதலில் மண்ணடுப்பிற் சூடேறிய கற்களின் மேல் வைத்து மூடி, நெடுநேரம் அவிக்கின்றார்கள். பின்னர், நத்தை ஓட்டைக் கூராக்கிச் செய்த கத்தியால் அதனை மெல்லிய சீவல்களாகச் சீவுகின்றார்கள். அச்சீவல்களைக் கூடையிலோ பின்னற் பையிலோ இட்டு, ஓடும் நீரிலே நாட்கணக்காக அமிழ்த்தி வைக்கின்றார்கள். நீர் ஒருபக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும்போது நஞ்சையும் கைப்பையும் கரைத்துக்கொண்டு போகின்றது. மாப்பொருள் கூடைக்குள் தங்கிவிடுகின்றது. பின்னலில் இடைவெளி மிகுந்தால் உணவும் போய்விடும். இடைவெளியே இல்லாவிட்டால் நஞ்சு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைக் கண்டவர்கள் அம்மக்கள். 1981ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் இக்கொட்டையிலிருந்து காஸ்டனோஸ்பேமின் என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அது நீரிற் கரையும் இயல்புடையது. அந்தப் பெயர் தெரியாமலே, அந்த இயல்பை ஓடையும் கூடையும் கொண்டு முன்னோர் ஆண்டு வந்திருக்கின்றனர்.

மஞ்சள் வால்நட் என்னும் மற்றொரு கொட்டையை வறுத்து உடைத்து, கல்லிலே அரைத்து, மாவை நீரால் அலசி எடுப்பார்கள். அதற்கென வரிகள் கீறிய கற்பலகைகளை வைத்திருந்தனர். அவ்வகை அரைகற்களும் இக்காட்டுப் பகுதிக்கே சிறப்பாக உரியவை. நம்மவருக்கும் இந்த அறிவு முற்றிலும் புதிதன்று. ஒடியல் மாவைப் பிட்டாக அவிப்பதற்கு முன், நீரில் ஊறவைத்துக் கைப்பு நீங்கப் பிழிந்தெடுக்கும் வழக்கத்தை வடபுலத்துத் தாய்மார் நன்கு அறிவர். பனையை அறிந்தவர்களுக்குப் பனையின் உறவாகிய பிரம்பை அறிந்தவர்களின் மதிநுட்பம் எளிதில் விளங்கும்.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். இந்த அறிவு ஒரே பொருளில் அடங்கியதன்று. எந்த மாதத்தில் எந்த மரம் காய்க்கும் என்ற அறிவு ஒன்று. பிரம்பு முற்றிய பதம் ஒன்று. நத்தையோட்டின் கூர் ஒன்று. ஓடையில் எந்த இடத்தில் நீர் வேண்டிய விரைவுடன் ஓடும் என்பது ஒன்று. எத்தனை நாள் பொறுப்பது என்பது ஒன்று. இவை ஒரு சங்கிலியின் வளையங்கள். கூடை அவற்றுள் ஒரு வளையம். ஒரு வளையம் அறுந்தாலும் ஊருக்கு உணவு இல்லை. அல்லது உணவே நஞ்சாகும்.

இம்மக்களின் பிற கைவினைகளையும் சுருக்கமாகக் கூறுகின்றேன். அத்தியினத்துப் பெருமரங்களின் அடியில் பலகைபோற் பரந்து நிற்கும் வேர்கள் உண்டு. அப்பலகை வேரை வெட்டி, இலேசான பெருங்கேடயங்களைச் செய்தார்கள். அவற்றின்மேல் செம்மை, மஞ்சள், வெண்மை, கருமை ஆகிய வண்ணங்களில் ஒவ்வொரு குலத்துக்கும் உரிய கோலங்களைத் தீட்டினார்கள். அத்தி மரத்தின் பட்டையைத் தட்டி மென்மையாக்கிப் போர்வை செய்தார்கள். பிரம்பால் விலாங்குமீன் பிடிக்கும் நீண்ட பொறிகளைப் பின்னினார்கள்.

தீக்கடையும் கருவியும் அவர்களிடம் சிறப்பான இடம் பெற்றது. அடியில் வைக்கும் கட்டைக்கு பகு என்றும், அதன் குழியில் வைத்துக் கடையும் கோலுக்கு ஜிமன் என்றும் பெயர். நம் பழைய இலக்கியங்கள் ஞெலிகோல் என்று கூறுவதும் இவ்வகைக் கருவியையே. பகு செய்வதற்கு அவர்கள் தெரிந்தெடுத்த மரம் நமக்கும் அறிமுகமானது. நாம் ஏழிலைப்பாலை என்று அழைக்கும் மரமே அது. ஆண்டில் பாதிநாள் மழை பெய்யும் காட்டிலே, இக்கருவியை நனையாமற் காத்துச் செல்லுதல் பொறுப்பான வேலை. அதற்கென ஒருவரை நியமித்திருந்தார்கள். அவர் கவனம் பிசகினால் அன்றிரவு ஊருக்கே நெருப்பு இல்லை.

இவ்வாறு வாழ்ந்த மக்களுக்கு இடையூறு கடலிலிருந்து வந்தது. 1864ஆம் ஆண்டில் கார்ட்வெல் என்னும் துறைமுகக் குடியிருப்பு நிறுவப்பட்டது. செவ்வகில் மரம் வெட்டுவோரும், பொன் தேடுவோரும், மாடு மேய்ப்போரும் காட்டுக்குட் புகுந்தனர். எதிர்த்தவர்கள் துப்பாக்கிக்கு இரையாகினர். ஆற்றோரத்து வளமான காடுகள் அழிந்து கரும்புத் தோட்டங்களாயின. 1925ஆம் ஆண்டில் டலியிலே பெரிய கரும்பாலை இயங்கத் தொடங்கியது. பிரம்பு விளைந்த நிலத்திற் கரும்பு விளைந்தது.

நிலத்தை இழந்தவர்களைச் சட்டமும் சூழ்ந்தது. 1897ஆம் ஆண்டில் குயீன்ஸ்லாந்து அரசு, ஆதிக்குடிகளைப் பாதுகாப்பதற்கு என்று பெயரிட்டு ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி அவர்களை எங்கிருந்தும் எங்கேயும் கொண்டுபோய்க் குடியமர்த்தும் அதிகாரம் அதிகாரிகளுக்குக் கிடைத்தது. 1914ஆம் ஆண்டில் கரையோரத்தில், ஹல் ஆற்றுக்கு அருகே, அத்தகைய அரசாங்கக் குடியிருப்பு ஒன்று அமைந்தது. 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் பெருஞ் சூறாவளி ஒன்று அதனைத் துடைத்தெறிந்தது. பலர் மாண்டனர். எஞ்சியோரைத் தம் காட்டுக்குத் திரும்ப விடாமல், கடலுக்கு அப்பாலுள்ள பாம் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே பல மொழி பேசிய பல குலத்தவர் ஒன்றாக அடைக்கப்பட்டனர். சிலர் மட்டும் மாட்டுப்பண்ணைகளிலும் தோட்டங்களிலும் வேலைசெய்துகொண்டு, தம் நிலத்தின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தனர்.

பங்கீட்டு மாவும், சீனியும், தேயிலையும் உணவாயின. நஞ்சை நீக்க ஓடையும் இல்லை. நாட்கணக்காகப் பொறுத்திருக்க உரிமையும் இல்லை. கூடைக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை இல்லாத கருவியைச் செய்யும் கை மெல்ல மெல்ல மறந்தது. பாட்டிமார் செய்துகொண்டிருந்ததைப் பேரர்கள் பார்த்தார்கள், ஆனால் கற்கவில்லை. சில இடங்களிலே தாய்மொழி பேசுவதற்கே தடையிருந்தபோது கைத்தொழிலை யார் கற்பிப்பார், யார் கற்பார்?

இக்காலத்திலேயே கூடைகள் மற்றொரு வழியில் வெளியுலகம் சென்றன. வோல்ட்டர் றோத் என்னும் மருத்துவர், வடக்குப் பகுதிக்கு ஆதிக்குடிகளின் பாதுகாவலர் என்ற பதவியில் இருந்தவர். 1901ஆம் ஆண்டு முதல் அம்மக்களின் வாழ்க்கை பற்றிய சிறு நூல்களை அவர் வரிசையாக வெளியிட்டார். அவ்வரிசையின் முதல் நூலே கயிறும், கூடையும், பையும், வலையும் பற்றியது. அவர் திரட்டிய பொருள்கள் பின்னர் சிட்னியிலுள்ள அவுஸ்திரேலிய நூதனசாலையைச் சென்றடைந்தன. பிரிஸ்பேனிலும், கடல் கடந்து இலண்டனிலும் இரு கொம்புக் கூடைகள் கண்ணாடிப் பேழைகளுக்குள் அமர்ந்தன. எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன பொருள் என்று எழுதிய சிறு சீட்டு அருகில் இருந்தது. செய்தவரின் பெயர் பெரும்பாலும் இருந்ததில்லை.

நூதனசாலைக்குப் போன பொருள் இறந்த பொருள் என்று நாம் எண்ணுகின்றோம். இந்தக் கூடையைப் பொறுத்தவரை அவ்வாறு முடியவில்லை. 1952ஆம் ஆண்டிற் பிறந்த ஏப் முரியாட்டா என்பவர் கிரமாய் குலத்தவர். கார்ட்வெல் மலைத்தொடர்ப் பகுதிக்கு மரபுரிமை உடையவர். சிறுவனாயிருந்தபோது தம் பாட்டியார் கூடை பின்னுவதைப் பார்த்திருக்கின்றார். முறையாக அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. வளர்ந்தபின், பாட்டியின் கைகளைப் பற்றிய நினைவை ஒருபக்கம் வைத்துக்கொண்டு, நூதனசாலைகளில் இருந்த பழைய கூடைகளை நெருங்கி ஆராய்ந்து, தாமே கற்றுக்கொண்டார். தம்மைத் தாமே கற்றவர் என்றும், அப்பழங் கூடைகளைச் செய்த முன்னோரே தம் ஆசான்கள் என்றும் கருதுபவர் அவர். இன்று அவர் பின்னிய ஜவுன்கள் அவுஸ்திரேலியாவின் பெரிய கலைக்கூடங்களில் இடம்பெற்றுள்ளன.

நேயர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் அப்பேழையைப் பார்த்தபோது ஓர் அரும்பொருளைக் கண்டார்கள். அவரோ ஒரு பாடத்தைக் கண்டார். கீற்று எங்கே உள்ளே போய் எங்கே வெளியே வருகின்றது, கொம்பு முனையில் எத்தனை கீற்றுகள் கூடுகின்றன, செய்தவர் எங்கே கீற்றை ஒட்டுச் சேர்த்தார் என்பனவற்றை அவருடைய கண் வாசித்தது. அவ்வாறு வாசிப்பதற்கு எழுத்தறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? இளமையிற் பார்த்த பாட்டியின் கையிலிருந்தே வந்தது. அந்தச் சிறு நினைவு மட்டும் இல்லாதிருந்தால், ஆயிரம் கூடைகள் பேழைக்குள் இருந்தும் பயன் சிறிதாகவே இருந்திருக்கும்.

இப்பொழுது கார்ட்வெல் நகரில் கிரிங்கன் ஆதிக்குடிக் கலை நிலையம் இயங்குகின்றது. அயலிலுள்ள ஒன்பது குலத்தினரின் கலைஞர்கள் அங்கே கூடிக் கூடை பின்னுகின்றார்கள், வண்ணம் தீட்டுகின்றார்கள், பகு என்னும் பழைய தீக்கட்டையின் வடிவை மரத்திலும் சுடுமண்ணிலும் சிற்பங்களாகச் செய்கின்றார்கள். 1988ஆம் ஆண்டில் அம்மழைக்காடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆனால் அன்று போற்றப்பட்டவை மரமும், பறவையும், நிலக்காட்சியுமே. அக்காட்டில் வாழ்ந்த மக்களின் பண்பாட்டுச் சிறப்பை அவுஸ்திரேலியத் தேசிய மரபுரிமைப் பட்டியல் ஏற்றுக்கொண்டது 2012ஆம் ஆண்டிலேதான். அவ்வாறு ஏற்றபோது, நஞ்சுக் கொட்டைகளை உணவாக்கிய அறிவும் சிறப்பாக மதிக்கப்பட்டது.

இங்கு ஒரு வினா எழக்கூடும். கலைக்கூடத்துக்கு விலைபோகும் கூடை ஓடையில் அமிழப் போவதில்லை. நெற்றியிலே தொங்கப் போவதும் இல்லை. அப்படியாயின் மரபு உயிர்பெற்றது என்று எவ்வாறு கூறலாம்? இவ்வினாவை அலட்சியம் செய்ய முடியாது. தொழில் வேறு, அலங்காரம் வேறு என்பது உண்மையே. ஆயினும் நான் இதனை இவ்வாறு காண்கின்றேன். கூடை பின்ன வேண்டுமானால் பிரம்பு வேண்டும். பிரம்பு வேண்டுமானால் காட்டுக்குப் போகவேண்டும். போகும்போது பேரனையும் பேர்த்தியையும் உடன் அழைத்துச் செல்ல நேரும். வழியிலே மரத்தின் பெயரைச் சொல்ல நேரும். ஓடையின் கதையைச் சொல்ல நேரும். அறுந்த சங்கிலியின் ஒரு வளையத்தை மீண்டும் கையில் எடுத்தவர், அடுத்த வளையத்தைத் தேடாமல் இருக்க இயலாது. கூடைக்குக் கிடைக்கும் விலை அவ்வீட்டுக்கு வருவாய் ஆகின்றது. தேடலுக்குத் துணையும் ஆகின்றது.

2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் யாசி என்னும் கடுஞ் சூறாவளி அதே கரையைத் தாக்கிற்று. பெருமரங்கள் சாய்ந்தன, கார்ட்வெல் நகரும் சேதமுற்றது. மரங்கள் விழுந்து வெளிச்சம் புகுந்த இடங்களில் விரைந்து எழும் தாவரங்களுள் பிரம்பும் ஒன்று. 1918ஆம் ஆண்டுச் சூறாவளி மக்களைக் காட்டிலிருந்து பிரிப்பதற்கு ஒரு வாய்ப்பாகக் கொள்ளப்பட்டது. 2011ஆம் ஆண்டிலோ அம்மக்கள் தம் நிலத்திலேயே இருந்தார்கள்.

இக்கூடையின் கதையைப் படித்த நாள்தொட்டு என் மனத்தில் ஒரு குறை இருந்து வருகின்றது. அதனையும் உங்களிடம் கூறிவிடுகின்றேன். என் பாட்டியார் பனையோலையிற் கடகமும், பெட்டியும், நீத்துப்பெட்டியும் இழைப்பவர். மாலையில் முற்றத்திலே கால் நீட்டி அமர்ந்து, சார்வோலையை வார்ந்து இழைத்துக்கொண்டே எனக்குக் கதை சொல்லுவார். நான் கதையைக் கேட்டேன், கையைப் பார்க்கவில்லை. "இதைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய், நீ போய்ப் படி ராசா" என்று அவரே சொல்லுவார். நானும் படித்தேன், பட்டம் பெற்றேன். 1995ஆம் ஆண்டு நாங்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தபோது, அவர் இழைத்த கடகம் ஒன்றிலேதான் அம்மா பாத்திரங்களை அடுக்கிச் சுமந்து வந்தார். அந்தக் கடகம் பின்னர் எங்கோ உக்கிப்போயிற்று. பாட்டியாரும் இன்று இல்லை. கடகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் என்னால் எழுத முடியும். ஒரு கடகம் இழைக்கச் சொன்னால், அடியை எவ்வாறு தொடங்குவது என்பதே எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் ஒன்பதாந் தர மாணாக்கரிடம், வீட்டிலுள்ள கூடை ஒன்றைக் கொண்டுவரும்படி கூறினேன். பெரும்பாலும் பிளாஸ்திக்குக் கூடைகளே வந்தன. ஒரு சிறுமி மட்டும் பழைய ஓலைப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தாள். அவளுடைய அம்மம்மா இழைத்தது என்றாள். மறு வாரம் அந்த அம்மையாரைப் பாடசாலைக்கு அழைத்தேன். "நான் என்ன சேர் படிப்பிக்கிறது, எனக்குக் கையெழுத்து வைக்கவே தெரியாதே" என்று கூசிக்கொண்டுதான் வந்தார். ஓலை கையில் ஏறியதும் அந்தக் கூச்சம் மறைந்துவிட்டது. பிள்ளைகள் சூழ்ந்து அமர்ந்தார்கள். நானும் ஒரு ஓரத்தில் அமர்ந்தேன். மூன்று முறை பிழைவிட்டேன். மூன்று முறையும் அவர் என் ஓலையை அவிழ்த்து, முதலிலிருந்து தொடங்கச் செய்தார். அவரிடம் பிரம்பு இருக்கவில்லை.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் இழைக்கவோ, பின்னவோ, முடையவோ தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் அருகே ஒரு மாலைப்பொழுது உங்கள் பிள்ளையை அமரச் செய்யுங்கள். பிள்ளை உடனே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அக்கையைப் பார்த்த நினைவு மனத்தில் இருந்தாற் போதும். அந்தக் கிரமாய்ச் சிறுவனின் மனத்தில் பல ஆண்டுகள் கிடந்ததும் அத்தகைய ஒரு நினைவே.